சொல்லின் ஈற்றில் நிற்கும் வரலாறு
ஹங்கேரியத்திலும் ஸ்பானியத்திலும் விகுதிகள் நடந்துவந்த வழி

சென்ற தவணையில் பதினோராம் தரத்துக் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி தன் மூத்தம்மாவைப் பற்றி எழுதியிருந்தாள். நல்ல கட்டுரை. அதில் 'மூத்தம்மா மௌத்தான அன்று' என்று ஒரு வரி. வழக்கம்போலச் சிவப்புப் பேனையால் 'மௌத்தான' என்பதை வெட்டி, மேலே 'இறந்த' என்று எழுதிக் கொடுத்தேன். கொப்பியை வாங்கிய பிள்ளை சும்மா போகவில்லை. "சேர், மௌத்து அரபு. சரி. ஆனா 'ஆன' எண்டது தமிழ்தானே? பிறகு எப்பிடி அது முழுசாப் பிழையாகும்?" என்று கேட்டாள்.

தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்துப் பட்டம் பெற்று, வருடக்கணக்காகப் படிப்பித்து வரும் எனக்கு உடனே பதில் வரவில்லை. "பரீட்சைக்கு இப்பிடி எழுதப்படாது" என்று சொல்லிச் சமாளித்தேன். அது பதில் அல்ல என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒரு சொல் எப்போது ஒரு மொழிக்குச் சொந்தமாகிறது? அதன் பகுதி எங்கிருந்து வந்தது என்பதாலா, அதன் விகுதி யாருடையது என்பதாலா? இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது இரண்டு ஐரோப்பிய மொழிகளின் வரலாறு எனக்குப் பெரிதும் உதவியது. ஒன்று ஹங்கேரியம். தமிழைப் போலவே பகுதியோடு விகுதிகளை வரிசையாக ஒட்டிச் சொல் ஆக்கும் ஒட்டுநிலை மொழி அது. மற்றது ஸ்பானியம். லத்தீனின் பிள்ளையாகப் பிறந்து, ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் அரபோடு ஒரே மண்ணில் வாழ்ந்த மொழி.

ஒரு பகுதி, பல பிள்ளைகள்

நமது தொழிலிலிருந்தே தொடங்குவோம். ஹங்கேரியத்தில் 'தனுல்' என்றால் கற்றல் தொழிலைக் குறிக்கும் வினை. 'தனீத்' என்றால் கற்பித்தல் தொழிலைக் குறிக்கும் வினை. இரண்டுக்கும் பொதுவானது 'தன்'. 'உல்' என்ற விகுதி சேர்ந்தால் தன்வினை; 'ஈத்' சேர்ந்தால் பிறவினை. நாம் வகுப்பில் 'திருந்து, திருத்து' என்று சொல்லிக்கொடுப்போமே, அதே கணக்குத்தான். திருந்துவதற்கு அவர்கள் 'யவுல்' என்பார்கள், திருத்துவதற்கு 'யவீத்' என்பார்கள்.

இந்த வினைகளிலிருந்து பெயர்கள் பிறப்பதைப் பாருங்கள். 'ஓ' விகுதி சேர்த்தால் செய்பவர்: 'தனுலோ' மாணவர், 'தனீதோ' ஆசிரியர். 'ஆஷ்' சேர்த்தால் தொழிற்பெயர்: 'தனுலாஷ்' கற்றல், 'தனீதாஷ்' கற்பித்தல். 'மாஞ்' சேர்த்து 'தனுல்மாஞ்' என்றால் ஆய்வுக் கட்டுரை. 'வாஞ்' சேர்த்து 'தனீத்வாஞ்' என்றால் சீடர். 'ஷாக்' சேர்த்து 'தனுல்ஷாக்' என்றால் ஒரு கதையிலிருந்து கிடைக்கும் படிப்பினை. இந்த 'ஷாக்' நமது 'மை' விகுதியைப் போலப் பண்புப்பெயரும் ஆக்கும். 'ஸபத்' என்றால் கட்டற்ற. 'ஸபத்ஷாக்' என்றால் சுதந்திரம். 'ஸேப்' என்றால் அழகான. 'ஸேப்ஷேக்' என்றால் அழகு. முன்னதில் ஷாக், பின்னதில் ஷேக். பகுதியில் உள்ள உயிரெழுத்து எந்த இனமோ அந்த இனத்துக்கு ஏற்ப விகுதியும் தன் உயிரை மாற்றிக்கொள்ளும். வந்த வீட்டின் முறைக்கு ஒத்துப்போகும் மருமகளைப் போல.

இந்த ஒற்றுமையைக் கண்டுதான் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளுக்கு 'சிதிய' மொழிகளோடு உறவு உண்டு என்று வாதிட்டார். ஃபின்னிய, துருக்கிய மொழிகளையெல்லாம் அவர் அந்தப் பெயரில் அடக்கினார். இன்றைய மொழியியலாளர் அந்த உறவை ஏற்பதில்லை. சொல் ஆக்கும் முறை ஒன்றாயிருப்பதால் மட்டும் இரண்டு மொழிகள் ஒரு குடும்பமாகிவிடமாட்டா.

தனிச்சொல் விகுதியான கதையும் ஹங்கேரிய வரலாற்றில் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. 1055-ஆம் ஆண்டு திஹாஞ் மடத்துக்கு நிலம் எழுதிக்கொடுத்த சாசனம் ஒன்று உண்டு. சாசனம் லத்தீன், இடையிடையே நிலத்தின் எல்லைகளைச் சொல்லுமிடங்களில் ஹங்கேரியச் சொற்கள். ஒரு பாதையைச் சொல்லும்போது 'மேலே, நோக்கி' என்ற பொருளில் 'ரெஆ' என்ற சொல் தனியே பிரித்து எழுதப்பட்டிருக்கிறது. இன்று அது 'ர', 'ரெ' என்று சுருங்கி, பெயரோடு ஒட்டிய வேற்றுமை உருபு. அதே தொடரில் 'போகின்ற' என்பதற்கு 'மெனெஹ்' என்று இருக்கிறது. இன்றைய வடிவத்தில் அந்த 'எஹ்' தேய்ந்துபோயிற்று. மேலே பார்த்த 'தனுலோ', 'தனீதோ' என்பவற்றின் 'ஓ'வும் அந்தப் பழைய விகுதியின் வாரிசுதான்.

சிறையிலிருந்து வந்த சொல்லாக்கி

இப்படி வளமான விகுதிகள் இருந்தும், பல நூற்றாண்டுகளாக ஹங்கேரியின் அரச காரியங்கள் லத்தீனில் நடந்தன. 1784-இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் லத்தீனை நீக்கி ஜெர்மன் மொழியை நிர்வாக மொழியாக்கினார். எதிர்ப்பு பலமாக எழுந்தது. 1790-இல் சாவதற்கு முன் தன் ஆணைகளில் பெரும்பாலானவற்றை அவரே மீளப் பெற்றார். அடுத்த வருடம் ஹெர்டர் என்ற ஜெர்மானிய அறிஞர், சுற்றியுள்ள பெரிய இனங்களுக்கு நடுவே சில நூற்றாண்டுகளில் ஹங்கேரிய மொழியைக் காண்பதே அரிதாகலாம் என்று எழுதினார். ஹங்கேரியர் நெஞ்சில் அது முள்ளாகத் தைத்தது.

அந்தத் தலைமுறையின் முன்னணி எழுத்தாளர் கசின்ஸி ஃபெரென்ஸ் (1759–1831). புரட்சிக் குழுவொன்றோடு தொடர்பு என்று 1794-இல் கைதாகி, மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அது சிறைத்தண்டனையாக மாற்றப்பட்டு, 1801-இல் வெளியே வந்தார். வந்தவர் ஆயுதம் தூக்கவில்லை. சொல் ஆக்கும் வேலையில் இறங்கினார். தத்துவம், அறிவியல், சட்டம், நாடகம் எல்லாவற்றையும் ஹங்கேரியத்தில் பேச வேண்டுமென்றால் சொற்கள் வேண்டும். சொற்கள் வேண்டுமென்றால் உறங்கிக் கிடக்கும் விகுதிகளை எழுப்ப வேண்டும் என்பது அவரது கட்சி.

1811-இல் 'முட்களும் மலர்களும்' என்ற சிறு கவிதைகளால் எதிரிகளைக் குத்தினார். 1813-இல் எதிரிகள் 'மொந்தொலத்' என்ற நையாண்டி நூலை வெளியிட்டு, புதுச் சொற்களை அள்ளிக் கொட்டிச் சிரித்தார்கள். 1815-இல் கசின்ஸியின் இளைய நண்பர்கள் அதற்குப் பதில் நூல் எழுதினார்கள். 1819-இல் கசின்ஸியே இரு கட்சியையும் சமரசப்படுத்தும் தொனியில் ஒரு கட்டுரை எழுதினார். மொழியைக் காப்பவரும் வேண்டும், புதுக்குபவரும் வேண்டும் என்பது அதன் சாரம்.

இவர்கள் என்ன செய்தார்கள்? 'எழுது' என்று பொருள்படும் 'ஈர்' என்ற வினையோடு 'த' விகுதியைச் சேர்த்து 'இரொத' என்றார்கள், காரியாலயம். 'காப்பாற்று' என்ற வினையிலிருந்து 'ஓவொத', பாலர் பாடசாலை. 'தனுல், தனீத்' என்ற வினைகளிலிருந்து விகுதியைக் கழற்றி எடுத்து, அதுவரை தனியே நில்லாத 'தன்' என்பதைக் கோட்பாடு என்ற பொருளில் தனிச்சொல்லாக நிறுத்தினார்கள். அதிலிருந்து 'தனார்', அதாவது உயர்தர வகுப்பு ஆசிரியர், பிறந்தது. இன்று ஹங்கேரியில் இந்தச் சொற்களை 'செய்த சொல்' என்று யாரும் நினைப்பதில்லை.

தோற்றவையும் உண்டு. பாடசாலைக்கு 'தனொத' என்றார்கள். மக்கள் லத்தீன் வழிவந்த 'இஷ்கொல'வை விடவில்லை. பொன்னுக்கு 'அரஞ்' என்று பெயர் இருக்கிறதே என்று, அதன் கடைசி 'அஞ்' ஒலியை விகுதியாகப் பாவித்து இரசாயன மூலகங்களுக்கெல்லாம் பெயர் வைத்தார்கள். உண்மையில் அது விகுதியே அல்ல. உயிர் வாழ்தலைக் குறிக்கும் 'ஏல்' என்பதிலிருந்து ஒட்சிசனுக்கு 'ஏலெஞ்'. ஐதரசனுக்கு 'கெனெஞ்'. இரண்டும் இன்று வழக்கில் இல்லை. ஆனால் அதே அச்சில் வார்த்த 'ஹிகஞ்' பாதரசத்துக்கும் 'ஹொர்கஞ்' நாகத்துக்கும் இன்றும் நிற்கின்றன. உயிர்வளி என்று தமிழில் ஆக்கியும், நமது விஞ்ஞானப் புத்தகத்தில் ஒட்சிசன் நிலைத்துவிட்டதை எண்ணிப் பாருங்கள். புகாத் பால் என்ற மருத்துவர் 1843-இல் ஏறத்தாழ 40,000 கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டார்; அவற்றில் பெரும்பகுதி காற்றோடு போயிற்று. எந்தச் சொல் நிற்கும், எந்தச் சொல் போகும் என்பதை அகராதி தீர்மானிக்கவில்லை, வாய்கள் தீர்மானித்தன. அடுத்த வருடம், 1844-இல், ஹங்கேரியம் நாட்டின் ஆட்சிமொழியாகச் சட்டமாயிற்று.

கோப்பியும் புகையிலையும்

ஹங்கேரியம் தன் விகுதிகளைச் சொந்தச் சொற்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. 1526-இல் மொஹாச் போர். 1541 முதல் 1686 வரை தலைநகர் புதா உஸ்மானியர் கையில் இருந்தது. அந்தக் காலத்தில் வந்து சேர்ந்த சொற்களில் இரண்டு 'காவே', 'தொஹாஞ்'. முன்னது அரபின் 'கஹ்வா', நமது கோப்பி. பின்னது அரபின் 'துகான்', புகை, அங்கே புகையிலை.

ஹங்கேரியர் இவற்றை வாங்கிய கையோடு 'ஸ்' என்ற வினையாக்க விகுதியைப் போட்டார்கள். 'காவேஸிக்' என்றால் கோப்பி குடிக்கிறார். கடைசி 'இக்' படர்க்கை ஒருமை காட்டுவது. அதிலிருந்து 'காவேஸோ', கோப்பிக்கடை. அப்படியே 'தொஹாஞ்ஸிக்' புகைபிடிக்கிறார், 'தொஹாஞ்ஸாஷ்' புகைபிடித்தல். உஸ்மானியர் போய் முந்நூறு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. புதாபெஸ்தில் 'புகைபிடித்தல் தடை' என்று பலகை எழுதினால், அதில் அரபுப் பகுதி ஒன்று ஹங்கேரிய விகுதி இரண்டைத் தாங்கி நிற்கும். அதை அந்நியச் சொல் என்று யாரும் அழிப்பதில்லை.

அரபுத் தலை, லத்தீன் வால்

இனி ஸ்பெயின். ஸ்பானியத்தின் பெரும்பாலான விகுதிகள் லத்தீனிலிருந்து வந்தவை. செய்பவரைக் காட்டும் 'தோர்', தொழிற்பெயர் ஆக்கும் 'மியெந்தோ', 'சியோன்', பண்புப்பெயர் ஆக்கும் 'தாத்' எல்லாம் அந்த வகை. 'இரவு' என்ற 'நோச்சே'யிலிருந்து 'அனொசெசேர்', இரவாகு என்று வினையாக்கும் 'எசேர்' விகுதியும் லத்தீன்தான். 'மயமாக்கு' என்ற பொருள் தரும் 'இஸார்' கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழி வந்தது. புதிதாக ஒரு வினை வேண்டுமென்றால் ஸ்பானியர் பெரும்பாலும் 'ஆர்' என்ற ஈற்றில்தான் முடிப்பார்கள்.

711-இல் முஸ்லிம்கள் அங்கே கால்வைத்தார்கள். 1492 ஜனவரியில் கிரனாடா வீழ்ந்தது. அதே வருடம் நெப்ரிஹா, ஸ்பானியத்தின் முதல் இலக்கண நூலை அச்சிட்டு அரசி இசபெல்லாவுக்குக் காணிக்கையாக்கினார். இடைப்பட்ட காலத்தில் புகுந்த அரபுச் சொற்கள், அவற்றின் வழிச் சொற்களையும் சேர்த்து, ஏறத்தாழ 4,000 என்று கணக்கிடுவார்கள்.

'அல்மஹ்ஸன்' என்றால் அரபில் களஞ்சியம். ஸ்பானியத்தில் அது 'அல்மசேன்' ஆயிற்று. 'ஆர்' சேர்ந்து 'அல்மசெனார்', களஞ்சியப்படுத்து. 'மியெந்தோ' சேர்ந்து 'அல்மசெனமியெந்தோ', களஞ்சியப்படுத்தல். தலையில் அரபின் 'அல்', வாலில் லத்தீனின் 'மியெந்தோ'. இதே மஹ்ஸன்தான் ஆங்கிலத்தில் மகசின் ஆகி, வெலிக்கடையில் ஒரு சிறைச்சாலைக்கும், உங்கள் கையில் இருக்கும் இது போன்ற சஞ்சிகைகளுக்கும் பெயரானது. ஸைத்தூன் அங்கே 'அசெய்தூனா'. அதைப் பறிப்பவர், விற்பவர் 'அசெய்தூனேரோ'. 'அல்காழீ' அங்கே 'அல்கால்தே' ஆகி நகர மேயரைக் குறித்தது. அவரது பதவியும் காரியாலயமும் 'அல்கால்தியா'. நாம் அதே காழீயை எடுத்து 'ஆர்' விகுதி சேர்த்துக் 'காதியார்' என்கிறோம்.

சொற்களைக் கடன் வாங்குவது சாதாரணம். விகுதியையே கடன் வாங்குவது அபூர்வம். ஸ்பானியம் அரபிடமிருந்து ஒரு விகுதியை வாங்கியது. ஊரையோ இனத்தையோ சேர்ந்தவர் என்று காட்டும் 'ஈ'. மக்கீ, மதனீ என்பதில் உள்ள நிஸ்பா. நம் மௌலவிமார் பெயருக்குப் பின்னால் நளீமி, கபூரி என்று வருகிறதே, அந்த ஈறுதான் இது.

முதலில் முழுச் சொல்லோடு வந்தது. 'ஜபலீ', மலையைச் சேர்ந்தது, அங்கே 'ஹபலீ' ஆகிக் காட்டுப்பன்றியைக் குறித்தது. நாம் உண்ணாத பிராணிக்கு நமது வேதமொழியில் பெயர்! முராபித்துகளின் நாணயம் 'மரவெதீ' ஆகி, காஸ்தீலிய அரசர்களின் கணக்கேடுகளில் நூற்றாண்டுகள் நின்றது. பிறகு அந்த 'ஈ' தனியே கழன்று உழைக்கத் தொடங்கியது. பத்தாம் அல்போன்சோ (ஆட்சி 1252–1284) அரபு நூல்களை மொழிபெயர்ப்பித்த கிறிஸ்தவ அரசர். அவரைச் சார்ந்தவற்றை ஸ்பானியர் 'அல்பொன்சீ' என்கிறார்கள். ஜெர்மானிய அரசப் பெயரில் அரபு விகுதி! இன்றும் மர்ரோகீ, இராகீ, இரானீ, சவுதீ, இஸ்ராயெலீ, பாகிஸ்தானீ, பங்ளாதெசீ என்று அது உயிரோடு நடமாடுகிறது. 1971-இல் பிறந்த நாட்டுக்கும் அதே விகுதி.

தடுக்கப்பட்ட மொழி

ஆனால் அந்த விகுதியைக் கொடுத்த மக்களுக்கு என்ன நடந்தது? முஸ்லிம்களாக அடங்கி வாழ்ந்த காலத்திலேயே பலர் அரபை இழந்து காஸ்தீலியம் பேசினார்கள். அவர்களுக்காக 1462-இல் செகோவியா நகரின் முப்தி ஈசா, மார்க்கச் சட்டங்களைக் காஸ்தீலியத்தில் தொகுத்து எழுதினார். அவரும் அவருக்குப் பின்வந்தவர்களும் தொழுகையை 'அஸலா' என்றார்கள், ஸகாத்தை 'அஸாக்கே' என்றார்கள். வினை வேண்டியபோது, படைத்தல் என்ற 'கலக'வோடு ஸ்பானிய 'ஆர்' சேர்த்து 'ஹலெகார்' என்றார்கள். படைக்கப்பட்டது 'ஹலெகாதோ'. தூய்மையாதல் என்ற 'தஹர'விலிருந்து 'அதஹொரார்'. இத்தகைய பனுவல்கள் பல, அரபு எழுத்தில் ஸ்பானியமாக எழுதப்பட்டன. அல்ஹமியாதோ என்று அதற்குப் பெயர். அரபுத்தமிழை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிரனாடாவின் வீழ்ச்சிக்குப் பின் கட்டாய மதமாற்றம் வந்தது. மதம் மாற்றப்பட்டவர்களை மொரிஸ்கோக்கள் என்றார்கள். 1567-இல் இரண்டாம் பிலிப் மன்னரின் ஆணை கிரனாடாவில் பறைசாற்றப்பட்டது: மூன்று வருடங்களுக்குள் காஸ்தீலியம் பழக வேண்டும், அதன்பின் வீட்டிலும் வெளியிலும் அரபு கூடாது. பிரான்சிஸ்கோ நூன்யெஸ் முலேய் என்ற மொரிஸ்கோ முதியவர் அதற்கு எதிராக ஒரு மனு எழுதினார். மொழி வேறு, மார்க்கம் வேறு. ஜெருசலத்திலும் மால்டாவிலும் உள்ள கிறிஸ்தவர்கள் அரபு பேசவில்லையா என்று அதில் கேட்டார். கேட்பாரில்லை. கிளர்ச்சி வெடித்தது, அடக்கப்பட்டது. 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ 3 லட்சம் மொரிஸ்கோக்கள் நாடு கடத்தப்பட்டார்கள்.

1884-இல் சரகோசா மாகாணத்தின் அல்மொனாசித் தெ லா சியெர்ரா என்ற ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, போலித் தளத்தின் கீழே மறைத்து வைத்த அல்ஹமியாதோ கையெழுத்துப் பிரதிகள் வெளிப்பட்டன. 'ஹலெகார்' போன்ற சொற்கள் அந்தத் தாள்களோடு மண்ணுக்குள் கிடந்தன. பேசிய வாய்கள் போனதால் அந்த வினைகளும் போயின. ஆனால் 'அல்மசெனார்' போகவில்லை. 'அல்கால்தியா' போகவில்லை. அந்த 'ஈ' போகவில்லை. அரபு பேசுவதைத் தடைசெய்த ஆணையை நிறைவேற்றப் பொறுப்பாயிருந்த அதிகாரிக்கே 'அல்கால்தே' என்றுதான் பெயர்.

பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பதில்

இரு நாட்டுக் கதையிலிருந்தும் நான் எடுத்துக்கொண்டது இதுதான். ஒரு சொல்லின் பகுதி விருந்தாளியாக வரலாம். விகுதி போட்டதும் அது வீட்டுக்காரர் ஆகிவிடுகிறது. ஹங்கேரியர் சொந்தப் பகுதிக்கே போட்ட செயற்கை விகுதிகள் சில செத்தன. அரபுக் கோப்பிக்குப் போட்ட இயல்பான விகுதி வாழ்கிறது. ஆக, பகுதியின் பிறப்பிடத்தை விட விகுதியின் உயிர்ப்பும் பேசுவோரின் வாயும்தான் முக்கியம்.

தமிழ், அரபுப் பகுதிகளோடு பெரும்பாலும் விகுதியை நேரே ஒட்டுவதில்லை. ஒரு துணைவினையைத் துணைக்கு அனுப்புகிறது. மௌத்தாகு, ஹராமாக்கு, ஹலாலாக்கு, தவ்பாச் செய், நிய்யத்து வை, ஸலாம் கொடு. இவற்றில் 'ஆகு, ஆக்கு' என்ற இணை, திருந்து திருத்து போலத் தன்வினை பிறவினை வேறுபாட்டை எவ்வளவு ஒழுங்காகக் காட்டுகிறது பாருங்கள். பெயர்களில் விகுதி நேரே ஒட்டும்: காதியார், ஹாஜியார், லெப்பைமார். இதில் அரபு இலக்கணம் எதுவும் இல்லை. பகுதி மட்டும் அங்கிருந்து. மற்றதெல்லாம் தமிழ் இலக்கணம்.

ஆகவே அந்த மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது: "மகள், 'மௌத்தான' என்பது இலக்கணப் பிழை அல்ல. அது உன் வீட்டுத் தமிழ். எல்லாருக்கும் பொதுவாக எழுதுமிடத்தில் 'இறந்த' என்று எழுதத் தெரிந்திருக்க வேண்டும். மூத்தம்மாவைப் பற்றி எழுதுமிடத்தில் இதை எழுதலாம்." பொதுத் தமிழைப் படிப்பிப்பது என் கடமை. வீட்டுத் தமிழைப் பிழையென்று வெட்டுவது என் கடமை அல்ல. அந்த வித்தியாசத்தை இவ்வளவு காலமும் நான் சிவப்புப் பேனையால் அழித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அக்கரைப்பற்றிலும் புத்தளத்திலும் பேருவளையிலும் மன்னாரிலும் நம்மவர் அரபுப் பகுதியோடு எந்தத் துணைவினையை, எந்த விகுதியைச் சேர்க்கிறார்கள் என்று ஒழுங்கான பட்டியல் நமக்கு வேண்டும். மூத்தம்மாக்கள் இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர்கள் ஆளுக்கு ஒரு கொப்பி எடுத்துத் தங்கள் ஊரில் தொடங்கலாம். நான் என் வகுப்பிலிருந்து தொடங்கிவிட்டேன். முதல் பக்கத்தின் முதல் சொல், நான் வெட்டிய அந்தச் சொல்தான்.